நால்வர் கையும் ஒருவர் குரலும்: பிங்க் பிளாய்டு இசைத்தட்டுகள் நான்கின் ஒப்பீடு

ஒருவரே பல நூல்கள் இயற்றியிருப்பின், அவற்றுள் தலைசிறந்தது யாது என்னும் வினா கற்றார் நடுவே எழுவது இயல்பு. விடை கூறுவோர் தத்தம் சுவைக்கேற்பக் கூறுவர், வழக்கு முடிவதில்லை. இசையுலகிலும் இத்தகைய வழக்குகள் உண்டு. ஆங்கில நாட்டு ராக் இசையை விரும்பிக் கேட்போர் அரை நூற்றாண்டாக ஒரு வழக்கை ஓயாது நடத்தி வருகின்றனர். பிங்க் பிளாய்டு என்னும் இசைக்குழுவின் இசைத்தட்டுகளுள் எது சிறந்தது என்பதே அவ்வழக்கு.

இவ்வழக்கில் முன்னிற்பவை நான்கு தட்டுகள். 1973இல் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்', 1975இல் வந்த 'விஷ் யூ வேர் ஹியர்', 1977இல் வந்த 'அனிமல்ஸ்', 1979இல் வந்த 'தி வால்' என்பன அவை. இவற்றைத் தமிழில் முறையே 'நிலவின் இருண்ட பக்கம்', 'நீ இங்கிருந்தால்', 'விலங்குகள்', 'சுவர்' எனலாம். இக்கட்டுரையில் இனி அத்தமிழ்ப் பெயர்களே ஆளப்படும்.

ஒரே குழு, ஆறாண்டுக் காலம், பாட்டின் சொற்களைப் பெரிதும் எழுதியவரும் ஒருவரே. அங்ஙனமிருந்தும் இந்நான்கும் ஒன்றற்கொன்று பெரிதும் வேறுபட்டு நிற்பதற்குக் காரணம் யாது? கேட்போர் சுவை வேறுபாடு என்று கூறி அமைதல் போதாது. குழுவின் வரலாற்றையும், தட்டுகளின் உறைமேல் அச்சிட்ட ஆக்கியோர் பெயர்களையும் அருகருகே வைத்து நோக்கின் விடை புலப்படும். நால்வர் கூடிச் செய்த தொழில் படிப்படியாக ஒருவர் தொழிலான கதையே இந்நான்கு தட்டுகளின் கதையாகும்.

குழு தோன்றிய வகை

பிங்க் பிளாய்டு 1965இல் இலண்டன் மாநகரில் தோன்றியது. ரோஜர் வாட்டர்ஸ், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகிய மூவரும் அந்நகரின் ரீஜண்ட் தெருத் தொழில்நுட்பக் கல்லூரியில் கட்டடக் கலை பயிலச் சென்று நண்பரானவர்கள். ஓவியம் பயின்ற சிட் பேரட் அவர்களோடு வந்து சேர்ந்தார். வாட்டர்ஸும் பேரட்டும் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரே பள்ளியிற் படித்தவர்கள். அமெரிக்கக் கருப்பினப் பாடகர்களான பிங்க் ஆண்டர்சன், பிளாய்டு கவுன்சில் என்னும் இருவர் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்துக் குழுவுக்குப் பெயர் சூட்டியவர் பேரட்டே.

அக்காலத்து ராக் இசையில் மூன்று நிமிட அளவில் அடங்கும் காதற்பாட்டே பெருவழக்கு. 1960களின் இறுதியில் ஆங்கில இளைஞர் சிலர் அவ்வெல்லையைத் தாண்டினர். நெடும்பாட்டு, மாறும் தாளம், பல பாட்டுகளை ஒரு கருத்தாற் கோத்தல் ஆகியவற்றை அவர்கள் கையாண்டனர். கிங் கிரிம்சன், யெஸ், ஜெனிசிஸ் முதலிய குழுக்கள் இவ்வகையின. இதனை முற்போக்கு ராக் என்று வழங்கினர். நெடுந்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது நிமிடம் ஓடும். அப்பக்கமே இவர்களுக்கு ஏடாயிற்று; பக்கத்தைத் திருப்பும் இடைவெளியும் அமைப்பின் ஒரு பகுதியாயிற்று.

குழுவின் முதல் தட்டு 1967 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் பாட்டுகளிற் பெரும்பாலானவை பேரட் ஆக்கியவை. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் அவர் மனநிலை குலைந்தது. போதைப்பொருளும் அதற்குத் துணைநின்றது என்பர். மேடையில் கிட்டாரைக் கையிற் கொண்டு வாசியாமலே நிற்பார். வேறு வழி காணாத தோழர்கள் கேம்பிரிட்ஜ் நண்பரான டேவிட் கில்மோரைச் சேர்த்துக்கொண்டனர். 1968 தொடக்கத்தில் சிறிது காலம் ஐவராயிருந்தனர்; பின்பு பேரட்டை அழைக்காமலே நிகழ்ச்சிகளுக்குச் செல்லலாயினர். ஏப்ரல் மாதத்தில் அவர் விலகிய செய்தி வெளியாயிற்று. தலைவனை இழந்த குழு நால்வர் குழுவாயிற்று. விட்டுவந்த நண்பனைப் பற்றிய நினைவு அவர்களை என்றும் விட்டகலவில்லை.

கூடிச் செய்தலை அவர்கள் உடனே கற்றுக்கொண்டனர் என்பதற்கில்லை. 1969இல் வந்த 'உம்மகும்மா' என்னும் இரட்டைத் தட்டு இதற்குச் சான்று. அதன் இரண்டாம் தட்டில் ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கம் ஒதுக்கப்பட்டது. நால்வரும் தனித்தனியே தம் பங்கை நிரப்பினர். பங்கு சமமாயிருந்தது, ஆயினும் இசை ஒன்றுபடவில்லை. பிற்காலத்தில் அவர்களே அம்முயற்சியை உயர்த்திப் பேசினாரல்லர். பங்கிட்டுக் கொள்வது வேறு, கூடிச் செய்வது வேறு என்னும் உண்மை இதனால் தெளிவாகும்.

1971இல் வந்த 'மெடில்' என்னும் தட்டில் திருப்பம் நேர்ந்தது. ரைட் பியானோவில் எழுப்பிய ஒற்றை ஒலியைச் சுழலும் ஒலிபெருக்கி வழியே செலுத்திப் பார்த்தனர். நீருக்கடியிலிருந்து எழுவது போன்ற அவ்வொலியை வித்தாகக் கொண்டு, ஒரு பக்கம் முழுவதும் ஓடும் 23 நிமிட இசை வளர்ந்தது. 'எதிரொலிகள்' என்னும் பொருளுடைய அப்பாட்டின் ஆக்கியோர் பட்டியலில் நால்வர் பெயரும் இருந்தன.

நிலவின் இருண்ட பக்கம்

1971 இறுதியில் மேசன் வீட்டுச் சமையலறை மேசையைச் சுற்றி நால்வரும் அமர்ந்தனர். மனிதனை அலைக்கழிப்பவை யாவை என்று எண்ணிப் பார்த்தனர். காலம், பணம், பயணம், பகை, மூப்பு, சாவு, மனநோய் என அவை விரிந்தன. இவையனைத்தையும் ஒரே தட்டிற் கோக்கலாம் என்று வாட்டர்ஸ் கூறினார். சொற்கள் முழுவதையும் எழுதும் பொறுப்பையும் ஏற்றார். தட்டாகப் பதிவதற்கு முன்னரே 1972 சனவரி முதல் இவ்விசையை மேடைகளில் வாசித்தனர். கேட்போர் முன்னிலையில் ஓராண்டுக் காலம் அடித்தும் திருத்தியும் அது பண்பட்டது. பதிவு அபே ரோடு ஒலிப்பதிவு நிலையத்தில் நிகழ்ந்தது. 1973 மார்ச்சில் தட்டு வெளிவந்தது.

இத்தட்டின் ஒவ்வோர் உறுப்பும் வெவ்வேறு கையிலிருந்து வந்தது. தொடக்கத்திலும் முடிவிலும் இதயத்துடிப்பு ஒலிக்கிறது. காலத்தைப் பற்றிய பாட்டின் முன்னே எழும் கடிகார மணிகளைப் பதிவாளர் ஆலன் பார்சன்ஸ் பழம்பொருட்கடை ஒன்றில் ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். பணத்தைப் பற்றிய பாட்டுக்கு வாட்டர்ஸ், தம் மனைவி மட்பாண்டம் வனைய மண் பிசையும் கலத்திலே நாணயங்களை எறிந்து ஒலி எடுத்தார். அவ்வொலிகள் பதிந்த நாடாவை அளவுகோல் வைத்துச் சமமாக வெட்டி ஒட்டினர். அதன் தாளம் ஏழெண்ணிக்கை கொண்டது. மிசிரசாபு தாளத்திற் பழகிய செவிக்கு அது புதிதன்று. ராக் இசைக்கோ அது மிக அரிது. பகையைப் பற்றிய பாட்டின் மெட்டு, அந்தோனியோனியின் திரைப்படம் ஒன்றிற்காக ரைட் அமைத்து, இயக்குநர் வேண்டாவென்று தள்ளியது. தள்ளுண்ட அம்மெட்டு இத்தட்டின் அழகுகளுள் ஒன்றாயிற்று.

சாவைக் குறித்த பகுதியும் ரைட் அமைத்ததே. அதற்குச் சொல் இல்லை. 1973 சனவரியில் ஒரு ஞாயிறு மாலை கிளேர் டோரி என்னும் பாடகியை அழைத்து, குரலை ஓர் இசைக்கருவியாக எண்ணிப் பாடுமாறு கூறினர். சில மணி நேரத்தில் அவர் சொல்லின்றி அழுதும் அரற்றியும் அடங்கியும் பாடி முடித்தார். பெற்ற கூலி 30 பவுண்டு. ஆக்கியோர் பட்டியலில் அவர் பெயர் இடம்பெறவில்லை. 2004இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2005இல் வழக்கு மன்றத்துக்கு வெளியே உடன்பாடு காணப்பட்டது. அதன்பின் ரைட்டின் பெயரோடு அவர் பெயரும் சேர்ந்தது.

இன்னும் ஒரு சிறப்பு உண்டு. வன்முறை, சாவு, பித்து ஆகியவற்றைப் பற்றிய வினாக்களை வாட்டர்ஸ் அட்டைகளில் எழுதி, அந்நிலையத்தில் இருந்தோரிடம் காட்டி விடைகளைப் பதிவு செய்தார். புகழ்பெற்ற பால் மெக்கார்ட்னியும் விடையளித்தார், அவ்விடை பயன்படவில்லை. நிலையத்தின் வாயிற்காவலர் ஒருவர் எளிமையாகச் சொன்ன சொற்களோ தட்டின் இறுதிச் சொற்களாக நின்றன. எவர் சொன்னார் என்று பாராமல் எது பொருந்துகிறது என்று பார்த்த நடுநிலை இத்தட்டில் விளங்குகிறது. அமெரிக்கப் பில்போர்டு வரிசையில் 1988 வரை 741 வாரங்கள் இத்தட்டு இடம்பெற்றிருந்தது. உலகில் நாலரைக் கோடிக்கு மேல் விற்றிருக்கலாம் என மதிப்பிடுவர்.

நீ இங்கிருந்தால்

பெரும்புகழ் அவர்களுக்கு மகிழ்ச்சி தரவில்லை. இனி அடைவதற்கு யாதுளது என்னும் சோர்வே மிஞ்சியது. ரப்பர் வளையம், மதுக்கிண்ணம் முதலிய வீட்டுப்பொருள்களைக் கொண்டே ஒரு தட்டுச் செய்ய முயன்று கைவிட்டனர். 1975இல் மீண்டும் அபே ரோட்டிற் கூடியபோது நால்வரும் உடலால் அங்கிருந்தனரேனும் உள்ளத்தால் இல்லை. அவ்வின்மையையே பாடுபொருளாக்கினர்.

கில்மோரின் கிட்டாரில் எழுந்த நான்கு சுரங்கள் இத்தட்டுக்கு அடிப்படை. அந்நான்கு சுரத்தில் ஒரு துயரைக் கேட்ட வாட்டர்ஸ், இழந்த நண்பர் பேரட்டை நினைந்து சொல் எழுதினார். ஒன்பது பகுதி கொண்ட அந்நெடும்பாட்டு 26 நிமிடம் ஓடும். அதனை ஒரே பக்கத்தில் முழுமையாக வைப்பதா, இரண்டாகப் பிரித்துத் தட்டின் தலையிலும் கடையிலும் வைப்பதா என்று வாதம் எழுந்தது. பிரிக்கலாம் என்றார் வாட்டர்ஸ். கூடாது என்றார் கில்மோர். ரைட்டும் மேசனும் வாட்டர்ஸ் பக்கம் நின்றனர். மூவர் கருத்து வென்றது. முன்பே மேடைகளில் வாசித்துவந்த வேறிரு பாட்டுகள் விலக்கப்பட்டு, பேரட்டைப் பற்றிய பாட்டு மற்றப் பாட்டுகளை இரு கையால் அணைப்பது போல அமைந்தது. வாதிட்டனர், எண்ணிக்கையால் முடிவு கண்டனர், தோற்றவர் முடிவை ஏற்றுக் குறைவற வாசித்தார். கூட்டுத்தொழிலின் இலக்கணம் அதுவன்றோ?

1975 ஜூன் மாதத்தில் ஒரு நாள், தலையும் புருவமும் மழித்த பருத்த ஆள் ஒருவர் ஒலிப்பதிவு அறைக்கு வந்தார். எவர் என்று அங்கிருந்தோர்க்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. அவரே பேரட். அப்போது அவருக்கு வயது 29. எவரை நினைந்து பாடினார்களோ அவரே வந்து நின்றும் அவர்களால் அடையாளம் காண இயலவில்லை. வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார் என்பர்.

தட்டின் உறையில் இருவர் கைகுலுக்குகின்றனர். அவருள் ஒருவர் தீப்பற்றி எரிகின்றார். இசை வாணிகத்தின் பொய்ம்மை குறித்த ஏளனம் அது. அவ்வாணிகத்தை எள்ளும் பாட்டு ஒன்றைக் குழுவினர் பாடாது, பக்கத்து அறையிற் பதிவு செய்துகொண்டிருந்த ராய் ஹார்ப்பர் பாடினார். இத்தட்டே தமக்கு மிகவும் விருப்பமானது என்று கில்மோரும் ரைட்டும் கூறியுள்ளனர். அவ்விருவர் இசையும் வாட்டர்ஸ் சொல்லும் சமமாக நிற்கும் கடைசித் தட்டு இதுவே என்பதை நோக்க, அவ்விருப்பம் வியப்பன்று.

விலங்குகள்

அடுத்த தட்டை இலண்டன் இசுலிங்டன் பகுதியில் தாமே அமைத்த ஒலிப்பதிவு நிலையத்தில் 1976இல் பதிந்தனர். மக்களை நாய், பன்றி, ஆடு என மூவகையாகப் பிரித்துச் சாடும் இத்தட்டு, ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் வெளியிட்ட 'விலங்குப் பண்ணை' என்னும் கதையின் சாயல் பெற்றது. பிறரை மிதித்து முன்னேறுவோர் நாய்கள். அறம் பேசி ஆள முற்படுவோர் பன்றிகள். எண்ணாது பின்செல்வோர் ஆடுகள். முன்பு விலக்கிய இரு பாட்டுகளே நாய்ப்பாட்டாகவும் ஆட்டுப்பாட்டாகவும் உருமாறின.

உறையில் இலண்டன் பேட்டர்சி மின்நிலையமும் அதன் மேலே பறக்கும் பன்றியும் காணப்படும். 1976 டிசம்பரில் படமெடுத்தபோது காற்றடைத்த அப்பன்றியின் கயிறு அறுந்தது. விமானப் போக்குவரத்துக்கு இடையூறாக மேலே எழுந்து மிதந்து, கெண்ட் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் இறங்கியது. இந்நகைப்பு உறையோடு முடிந்தது. தட்டினுள்ளே நகைப்பு இல்லை, சினமே உண்டு.

இத்தட்டைத் தலைசிறந்ததெனக் கூறுவோர் சிலராயினும் உறுதியுடையோர். 17 நிமிடம் ஓடும் நாய்ப்பாட்டில் கில்மோரின் கிட்டார் எட்டிய உயரம் வேறெங்கும் இல்லை என்பது அவர் வாதம். அது மறுத்தற்கு அரியது. ஆனால் அப்பாட்டு ஒன்றில் மட்டுமே ஆக்கியோராகக் கில்மோர் பெயர் காணப்படுகிறது. எஞ்சிய அனைத்தும் வாட்டர்ஸ் பெயரில் உள்ளன. ரைட்டின் பெயர் ஓரிடத்தும் இல்லை. உரிமைத்தொகை பாட்டின் நீளத்தைப் பாராமல் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிந்தமையால், 17 நிமிடப் பாட்டும் ஒன்றாகவே எண்ணப்பட்டது. இரண்டு துண்டாகத் தொடக்கத்திலும் முடிவிலும் வைத்த வாட்டர்ஸின் சிறுபாட்டோ இரண்டாக எண்ணப்பட்டது. மனக்குறைக்கு வித்து அங்கே விழுந்தது.

சுவர்

1977 ஜூலை 6ஆம் நாள் கனடாவின் மாண்ட்ரீல் நகரப் பெரு விளையாட்டரங்கில் நிகழ்ச்சி நடந்தது. கூச்சலால் வெறுப்புற்ற வாட்டர்ஸ், மேடையருகே வந்த இளைஞர் ஒருவர் முகத்தில் உமிழ்ந்துவிட்டார். தம் செயலுக்குத் தாமே நாணினார். தமக்கும் கேட்போர்க்கும் நடுவே ஒரு சுவர் எழுந்திருப்பதை உணர்ந்தார். அவ்வுணர்வே இரட்டைத் தட்டான 'சுவர்' ஆயிற்று.

கதைத்தலைவன் பிங்க் என்னும் பாடகன். போரிலே தந்தை மாய்கிறார், தாய் அளவிறந்து காக்கிறாள், ஆசிரியர் இழிவுபடுத்துகிறார், மணவாழ்வு முறிகிறது. ஒவ்வொரு புண்ணும் ஒரு செங்கல்லாகிச் சுவர் எழுகிறது. இதிற் பெரும்பகுதி வாட்டர்ஸின் வாழ்க்கையே. அவர் தந்தை எரிக் பிளெட்சர் வாட்டர்ஸ் 1944 பிப்ரவரியில் இத்தாலியின் அன்சியோப் போர்முனையில் மாய்ந்தார். மகனுக்கு அப்போது ஐந்து மாதம். தந்தையும் ஆசிரியர், தாயும் ஆசிரியை.

ஆசிரியர் மகன் பள்ளியைச் சாடி எழுதிய பாட்டே உலகெங்கும் பரவியது. அப்பாட்டில் மாணவர் குரல் சேர்ந்தால் நன்றெனத் துணைத் தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் கருதினார். குழுவினர் அமெரிக்காவில் இருந்தனர். இலண்டனில் அவர்தம் ஒலிப்பதிவு நிலையத்துக்கு அருகிலிருந்த பள்ளியின் இசையாசிரியர் 23 மாணவரை அழைத்துச் சென்று பாடச் செய்தார். 1979ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசின்போது அப்பாட்டு இங்கிலாந்தில் முதலிடம் பெற்றது. பள்ளிக்கு 1000 பவுண்டு தரப்பட்டது. மாணவர்க்கு உரிமைத்தொகை இல்லை. 2004இல் அவருட் சிலர் அதனைக் கோரினர். தென்னாப்பிரிக்காவில் 1980இல், நிறவேற்றுமைக் கல்வியை எதிர்த்துப் பள்ளி புறக்கணித்த மாணவர் அப்பாட்டைத் தம் முழக்கமாக்கினர். அரசு அதனைத் தடை செய்தது.

பள்ளி ஆசிரியர் இப்பாட்டைக் கேட்டு மனம் நோதல் இயல்பு. எனினும் தட்டை முழுவதும் கேட்போர்க்கு ஒன்று விளங்கும். மாணவரை ஏளனஞ் செய்யும் அவ்வாசிரியர் தம் வீட்டிலே இழிவுபடுபவராகவே அங்குக் காட்டப்படுகிறார். அவரும் ஒரு சுவருக்குப் பின்னே நிற்பவரே. சாடப்படுவது கல்வியன்று, மாணவரை எள்ளி நகையாடும் கல்வியே. ஆசிரியர்க்கு அது பகைப்பாட்டன்று, எச்சரிக்கை.

மாணவர் குரலுக்கு இடந்தந்த தட்டிலே தோழர் குரலுக்கு இடம் குறைந்ததுதான் வருந்தத்தக்கது. தட்டு உருவாகும் காலத்திலேயே ரைட் போதிய பங்களிக்கவில்லை என்று வாட்டர்ஸ் குறைகூறி, அவரை விலகச் செய்தார். 1980, 1981ஆம் ஆண்டுகளில் 'சுவர்' மேடையேறியபோது ரைட் சம்பளத்துக்கு வாசிக்கும் கலைஞராகவே வந்தார். அந்நிகழ்ச்சிகளில் பெருநட்டம் நேர்ந்தது. சம்பளக்காரரான ரைட் ஒருவரே பொருளோடு வீடு திரும்பினார். விதியின் நகைப்பு இதனினும் கூர்மையாக அமைதல் அரிது.

இத்தட்டின் சிகரமெனப் பலரும் கூறும் பாட்டு, உணர்விழந்து கிடக்கும் பாடகனுக்கு மருத்துவர் ஊசி போடும் இடத்தில் வருவது. அதன் மெட்டுக் கில்மோருடையது, சொல் வாட்டர்ஸுடையது. எவ்வாறு பதிவது என்பதில் இருவரும் கடுமையாக மோதினர். இருவர் விருப்பமும் கலந்தே முடிவாயிற்று. ஒருவர் தட்டெனப்படும் இதிலும் உச்சியைத் தொட்டது இருவர் செய்த பாட்டே.

பெயர்ப்பட்டியல் கூறும் செய்தி

இனி நான்கு தட்டுகளையும் ஆக்கியோர் பெயர்கொண்டு அளந்து பார்க்கலாம். 'இருண்ட பக்கம்' தட்டிற் பத்துப் பகுதிகள் உள. ரைட் பெயர் ஐந்திலும், கில்மோர் பெயர் நான்கிலும், மேசன் பெயர் மூன்றிலும் உண்டு. 'நீ இங்கிருந்தால்' தட்டின் ஐந்து பகுதிகளுள் கில்மோர் பெயர் மூன்றிலும் ரைட் பெயர் இரண்டிலும் உண்டு. மேசன் பெயர் இல்லை. 'விலங்குகள்' தட்டின் ஐந்தில் கில்மோர்க்கு ஒன்று, மற்றிருவர்க்கு ஒன்றுமில்லை. 'சுவர்' தட்டின் 26 பாட்டுகளுள் கில்மோர்க்கு மூன்று. ரைட்டுக்கும் மேசனுக்கும் ஒன்றுமில்லை. 1983இல் வந்த 'தி ஃபைனல் கட்' முழுவதும் வாட்டர்ஸ் ஆக்கம். அதில் ரைட் வாசிக்கவுமில்லை. அத்தட்டு வாட்டர்ஸ் இயற்றியது, பிங்க் பிளாய்டு வாசித்தது என்றே உறையில் அச்சிட்டனர்.

பெயர்ப்பட்டியல் முழு உண்மையையும் கூறிவிடாது. கிளேர் டோரியின் பெயர் முப்பதாண்டுக்கு மேல் விடுபட்டிருந்தது. மேசன் பெயரில் உள்ள ஒரு பகுதியைத் தாம் அன்பளிப்பாகவே கொடுத்ததாக வாட்டர்ஸ் பின்னாளிற் கூறினார். மேலும் எண்ணிக்கை வேறு, இசையின் தரம் வேறு. எனினும் பட்டியல் காட்டும் போக்கு ஐயத்துக்கு இடமற்றது. 1973இல் அன்பளிப்பாகப் பெயர் தந்த குழுவில், 1979இல் பெயர் மட்டுமன்றி இடமே பறிபோயிற்று.

இதனை வாட்டர்ஸ் ஒருவர் குற்றமென முடித்தல் நேர்மையன்று. மற்றவர் புதிய கருத்துகளைக் கொணராது சோர்ந்திருந்த காலத்தில் பாரத்தைத் தனியே சுமந்தவர் அவர். அவர் 1985இல் விலகியபின், வழக்காடல்களுக்கிடையே கில்மோர் தலைமையில் 1987இலும் 1994இலும் வந்த தட்டுகளில் இனிய இசை உண்டு. பழைய கூரிய சொல் இல்லை. சொல்லின்றி இசை தளர்ந்தது. இசை குறைந்தபோது சொல் வறண்டது. ஒரு பக்கத்தார் மட்டும் இழந்தாரல்லர்.

மற்றொரு சான்றும் உண்டு. 'இருண்ட பக்கம்' வெளிவந்து ஐம்பதாண்டு நிறைந்த 2023இல், வாட்டர்ஸ் தம் தோழர் எவருமின்றி அத்தட்டு முழுவதையும் மீண்டும் பதிந்தார். கில்மோரின் கிட்டார் ஆலாபனைகள் நின்ற இடத்தில் முதியவர் ஒருவர் ஆழ்ந்த குரலில் உரைக்கும் சொற்கள் நின்றன. சொற்பொருள் தெளிவாயிற்று என்று சிலர் பாராட்டலாம். ஆயினும் அதனையும் பழைய தட்டையும் அடுத்தடுத்துக் கேட்போர், முன்னதில் நால்வர் நின்ற இடத்தில் ஒருவர் நிற்பதை உடனே உணர்வர்.

ஒப்பீட்டின் முடிவு

ஆகவே, தீர்ப்புக் கூற வேண்டுமாயின் இவ்வாறு கூறலாம். தனி ஒருவரின் துயரையும் சினத்தையும் வலிமையோடு உரைப்பதில் 'சுவர்' முதன்மையானது. சமுதாயச் சாடலில் 'விலங்குகள்' நிகரற்றது. நட்பின் இழப்பை உருக்கத்தோடு பாடுவதில் 'நீ இங்கிருந்தால்' அனைத்தையும் வெல்லும். ஆனால் நால்வர் திறனும் ஒன்றையொன்று மிகாமல், பாடகி ஒருவரின் அரற்றலுக்கும் வாயிற்காவலர் சொல்லுக்கும் இடம்விட்டு நிறைந்து நிற்பது 'நிலவின் இருண்ட பக்கம்' ஒன்றே. முதலிடம் அதற்குரியது.

2005 ஜூலை 2ஆம் நாள், வறுமை ஒழிப்புக்காக இலண்டன் ஹைட் பூங்காவில் நடந்த நிகழ்ச்சியில் நால்வரும் பகை மறந்து ஒரே மேடையில் ஏறினர். இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப்பின் கூடிய அவர்கள் பாடிய பாட்டுகள் நான்கு. அவற்றுள் மூன்று, ஒருவர்க்கு மேற்பட்டோர் கூடி ஆக்கியவை. பேரட்டை நினைந்து ஒரு பாட்டைப் பாடினர். இறுதியில், கில்மோரும் வாட்டர்ஸும் மோதி மோதிச் செய்த அந்தப் பாட்டைப் பாடி முடித்தனர். நால்வரும் தோளோடு தோள் சேர்ந்து வணங்கி நின்றனர்.

அடுத்த ஆண்டு ஜூலையில் பேரட் கேம்பிரிட்ஜில் காலமானார். 2008 செப்டம்பரில் ரைட் காலமானார். நால்வரும் ஒருங்கு மேடையேறியது அதுவே கடைசி முறை.